தராசின் காலடியில் ஒரு ஐ.சி.

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மச்சான் ரவிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய சந்தோசம். இங்கே எல்லோரும் சுகம்.

பொருள்களின் மேல் காற்றை ஊதி விசையை அளக்கும் எங்கள் காற்றுச் சுரங்கம் என்ன மாதிரி என்று கேட்டிருந்தாய். இரண்டு மாதமாக நித்திரையைக் கெடுத்த கோளாறு ஒருவழியாகத் தீர்ந்தது. நாங்கள் அளக்கும் விசை எவ்வளவு சிறியது என்று பார். விநாடிக்கு 15 மீற்றர் காற்றில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்தால், காற்று அதைத் தள்ளுவது ஏறக்குறைய கால் நியூட்டன். 25 கிராம் படிக்கல்லின் பாரம், அவ்வளவுதான். அதற்கே விசையை அளக்கும் தராசின் அலுமினியத் தகடு கண்ணுக்குத் தெரியாமல் வளையும். அதில் ஒட்டிய நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்களின் (வளைவை உணரும் மெல்லிய பட்டைகள்) மின்தடை ஒரு துளி மாறும். 5 வோல்ட் கொடுத்தால் எங்கள் தராசிலிருந்து வருவது அரை மில்லிவோல்ட்.

அந்த அரை மில்லிவோல்ட்டை இரண்டு மீற்றர் வயரில் மேசைவரை இழுத்துவந்து பெருக்கியதுதான் நான் விட்ட பிழை. ஃபான் மோட்டரைப் போட்டதும் அதன் இரைச்சல் வயரில் ஏறிவிடும். இரண்டு கம்பியிலும் சமமாக ஏறினால் பெருக்கும் ஐ.சி. அதைக் கழித்துவிடும், நீள வயரில் சமமாக எங்கே ஏறுகிறது? இப்போது ஏ.டி.620 என்ற அந்தப் பெருக்கி ஐ.சி.யைத் தராசின் காலடியிலேயே வைத்துவிட்டேன். கேஜுக்கும் அதற்கும் இரண்டு அங்குலம். 499 ஓம் தடை ஒன்று போட்டால் நூறு மடங்கு பெருக்கித் தருகிறது. வயரில் ஓடுவது இப்போது 50 மில்லிவோல்ட். ஃபானைப் போட்டும் எண் ஆடாமல் நின்றதைப் பார்த்துப் பெடியன்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெருக்கி எண்ணாகவும் மாற்றித் தரும் எச்.எக்ஸ்.711 ஐ.சி. போதாதா என்று கேட்பாய். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கிறது, 24 பிட், நிறுக்கும் தராசுக்கு அருமையான சாமான். ஆனால் விநாடிக்கு 80 தரத்துக்கு மேல் அளக்காது. இதே காற்றில் 2 செ.மீ. குழாயின் பின்னால் சுழிகள் விநாடிக்குச் சுமார் 150 தரம் கழன்று போகும். அந்த அதிர்வைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடும்!

இனி மிச்சம் ஈரம்தான். மழை நாளில் காற்றில்லாதபோது காட்டும் பூச்சியம் மெல்ல நகர்கிறது. கேஜ்களுக்கு மேல் சிலிக்கன் பூசியபின் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் காற்றில்லாமல் ஒரு தரம் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம்.

உன் காற்றாலையின் இறக்கை ஒன்றை அனுப்பிவை, அளந்து பார்ப்போம். 20 செ.மீ.க்கு மேல் வேண்டாம், சுவரில் முட்டும். தராசில் பூட்ட அடியில் 4 மி.மீ. துளை போட மறந்துவிடாதே.

அன்புடன்,
குமரன்