காயில் வாங்குவதற்கு முன்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கும் யாவரும் நலமே. பழைய காரை விற்பதில்லை என்று நீ முடிவெடுத்தது, உன்னைப் போலவே பழைய கார்ப் பைத்தியம் பிடித்த எனக்கு மிகுந்த ஆறுதல். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதிக்கிறது, மேட்டில் ஏறும்போது விட்டுவிட்டு இழுக்கிறது என்று எழுதி, 40,000 வோல்ட் தருவதாக விளம்பரம் செய்யப்படும் காயிலை, அதாவது பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கான உயர் வோல்டேஜாக மாற்றும் அந்தச் சுருளை, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. எஞ்சினுக்குள் பொறி விடும் பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தேவையான அளவுக்குத்தான் வோல்டேஜ் ஏறும், தாண்டியவுடன் இறங்கிவிடும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண் சாதாரண ஓட்டத்தில் வெளிப்படுவதே இல்லை.

நீ முதலில் பார்க்க வேண்டியது, இருக்கும் காயிலுக்கு முழு மின்சாரம் போய்ச் சேருகிறதா என்பதை. காயிலில் சேரும் ஆற்றல் கரண்டின் வர்க்கத்தை, அதாவது கரண்டை அதனாலேயே பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. 3 ஓம் காயிலுக்கு 12 வோல்ட் கிடைத்தால் 4 ஆம்பியர் ஓடும். வழியில் ஒன்றரை வோல்ட் தொலைந்து 10.5 மட்டும் போய்ச் சேர்ந்தால் கரண்ட் 3.5 ஆம்பியர்தான், ஆற்றலோ ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். பழைய சாவி சுவிட்சும், பச்சை பூத்த ஃபியூஸ் முனைகளும், துருவேறிய எர்த் பட்டையும் ஒன்றரை வோல்ட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சின் நின்றிருக்க, பாயிண்ட் (காயிலின் கரண்டை இணைத்தும் துண்டித்தும் பொறி வரவைக்கும் தொடுமுனைகள்) மூடிய நிலையில் சாவியைப் போட்டு, முதலில் பேட்டரியையும் பிறகு காயிலின் பாசிட்டிவ் முனையையும் அளந்து பார். இரண்டுக்குமுள்ள வித்தியாசம்தான் வழியில் தொலையும் வோல்டேஜ். அதே நிலையில் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினின் உலோகத்துக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கோளாறு டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பகிரும் பகுதி) பக்கம் இருக்கிறது. அளந்தவுடன் சாவியை அணைத்துவிடு, காயில் சூடேறிவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டையும் வெளி உடலையும் இணைக்கும் மெல்லிய பின்னல் எர்த் ஒயர் ஒன்று உண்டு. எஞ்சினின் உறிஞ்சு விசை (வேக்குவம்) அந்தத் தட்டை இழுக்கும்போதெல்லாம் அது அசைந்து அசைந்து, வெளியுறை நன்றாகவே இருக்க உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். பலரும் பாயிண்டை மாற்றுவார்களே தவிர இதைத் தொட்டும் பார்ப்பதில்லை.

மின்சாரம் வழியிலேயே குறைகிறதென்றால், பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாகப் புதிய ஒயர் இழுத்து, ரிலே (சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றின் மூலம் காயிலுக்குக் கொடுத்துவிட்டு, பழைய சாவி ஒயரை ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் உன் காரில் காயிலுக்குப் போகும் வோல்டேஜை வேண்டுமென்றே குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோ, அதற்குப் பதிலான தடை ஒயரோ இருந்தால், அதைத் தாண்டி இணைத்துவிடாதே. அத்தகைய காயில் பொதுவாக ஒன்றரை ஓம் அளவில்தான் இருக்கும், நேராக 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர் இழுத்துப் பாயிண்டைக் கருக்கிவிடும்.

பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் தெரிந்தால், பாயிண்டில் பொறி அதிகம் எழாமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்று. பாயிண்டின் இடைவெளியைக் கார் கையேட்டின்படி ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகளால்) வை. இடைவெளி கூடினால் டைமிங் (பொறி எழும் நேரம்) முன்னேறும் என்பதால், டைமிங்கை அதன் பிறகுதான் சரிபார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே நடுவிலுள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கோடு துள்ளுகிறதா என்று விரலால் அழுத்திப் பார். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கை வைக்காமல், பிளக் ஒயர்களின் மேல் நீலப் பொறி ஓடுகிறதா, அதாவது மின்சாரம் கசிகிறதா என்று கவனி. காயிலின் இரு முனைகளும் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வை. அப்போதும் கார் ஓடும், ஆனால் பிளக்கின் சூடான நடு முனை (எலக்ட்ரோடு) பாசிட்டிவ் ஆகிவிடுவதால் பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டியிருக்கும். செலவே இல்லாமல் தீரும் கோளாறு இது!

இரிடியம் பிளக் வேண்டாம். அதன் பெருமை முக்கியமாக நீண்ட ஆயுளில்தான். இத்தனைக்குப் பிறகும் கையில் பணம் மிஞ்சினால், பாயிண்டுக்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் மாட்யூல் ஒன்றைப் போடு. பொறி பெரிதாகிவிடாது, ஆனால் தேய்மானமில்லாமல் ஒரே சீராக இருக்கும். கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் காரிலேயே போட்டு வை. மாட்யூல் வழியில் கைவிட்டால் அவைதான் வீடு சேர்க்கும்.

மூன்று இடங்களிலும் அளந்த வோல்ட் எவ்வளவு என்றும், கழற்றிய பிளக்குகளின் நிறம் என்ன என்றும் அடுத்த கடிதத்தில் எழுது. எல்லாம் கருத்துப் புகையேறியிருந்தால் கார்பரேட்டரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ராகவன்