ஃபார்மட் அடித்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று தெரிந்ததும் நம் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் சர்வீஸ் கடையில் கொடுப்பது, "ஃபார்மட் அடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வருவது, சாயங்காலம் ஐநூறோ எழுநூறோ கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவது. நானும் அதைத்தான் செய்தேன், அது பாதி வேலைகூட இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. இன்னும் பத்துக் குடும்பமாவது எங்களைப்போல அலைய வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆண்டு விழாவுக்கு வீடியோ எடிட் செய்ய ஒரு சாஃப்ட்வேரை, காசு கட்டாமல் கிடைக்கும் 'கிராக்' வடிவில் எங்கிருந்தோ இறக்கியிருக்கிறாள். ஜிப் கோப்பு, திறக்க ஒரு பாஸ்வேர்டு, கூடவே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று ஒரு குறிப்பு. ஜிப்புக்கு ஏன் பாஸ்வேர்டு போடுகிறார்கள் என்றால், பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது, அதற்காகத்தான். இவள் திறந்து க்ளிக் செய்ததும் ஒரு கறுப்புப் பெட்டி திரையில் கண்மூடித் திறப்பதற்குள் வந்து மறைந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. டவுன்லோட் சரியில்லை போல என்று அவளும் விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய இன்ஸ்டாகிராமில் "ஐயாயிரம் போட்டால் ஐம்பதாயிரம்" என்று அவள் படத்தோடு ஒரு விளம்பரம். சொந்தக்காரர்கள் போன் மேல் போன். அவள் பதறிப்போய் அதே லேப்டாப்பில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினாள். மறுநாள் நான் கடையில் கொடுத்து ஃபார்மட் அடித்து வாங்கி வந்தேன். அன்று ராத்திரியே அந்த விளம்பரம் திரும்ப வந்தது.

சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் போனில் கேட்ட முதல் கேள்வி: "பெரியம்மா, பாஸ்வேர்டை எந்த மெஷின்ல மாத்துனீங்க?" அங்கேதான் தப்பு. திருடன் வீட்டுக்குள் நிற்கும்போதே, அவன் கண் முன்னால் புதுச் சாவி செய்து மாட்டியிருக்கிறோம்.

தகவலைத் திருடும் இந்த வகை வைரஸுக்கு 'இன்ஃபோஸ்டீலர்' என்று பெயராம். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை மட்டும் இது எடுப்பதில்லை, 'குக்கி' என்பதையும் எடுத்துக்கொண்டு போகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டி விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள் அல்லவா, திரும்பி வரும்போது யார் என்று கேட்பதில்லை, டோக்கனைப் பார்த்து வண்டியை விட்டுவிடுவார்கள். குக்கியும் அப்படித்தான், ஏற்கெனவே லாகின் செய்தவர் என்பதற்கு வெப்சைட் நம் பிரவுசரில் வைத்துவிடும் டோக்கன். அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உள்ளே போய்விடலாம். எல்லாவற்றையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ரகமும் உண்டு. நாம் ஃபார்மட் அடிக்கும்போது திருட்டுப் பொருள் எப்போதோ வெளியே போயிருக்கும். இது எங்கோ ஒருவருக்கு நடப்பது இல்லை. 'லும்மா' என்ற ஒரே ஒரு ஸ்டீலர் 2025 மார்ச் முதல் மே வரை இரண்டு மாதத்தில் உலகம் முழுவதும் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்டே அறிவித்தது.

தங்கை மகன் சொல்லச் சொல்ல நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும், வைஃபையை அணைத்து, கேபிள் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எதையும் அதில் செருகக் கூடாது. திரையில் ஏதாவது மிரட்டல் செய்தி இருந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்த லேப்டாப்பைத் தொடாமல், போனிலிருந்தோ வேறு நல்ல கம்ப்யூட்டரிலிருந்தோ பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். அதிலும் முதலில் இமெயில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் லிங்க் வந்து விழுவது அங்கேதான். மாற்றினால் மட்டும் போதாது. கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் தெரியாத கருவிகள் எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். எங்கள் பட்டியலில் நாங்கள் கேள்விப்படாத ஒரு ஊரின் பெயரோடு ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மீட்பு போன் எண்ணை மாற்றியிருக்கிறார்களா, வருகிற மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொன்னான். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தில் எல்லாவற்றையும் லாக் அவுட் செய்தோம். பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டோம்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும், அப்படியே வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்போதே மறித்தால்தான் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, தவறு வங்கியுடையதாகவும் நம்முடையதாகவும் இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு நம் தலையில் விழாது என்று சொன்னது. எங்களுக்குப் பணம் போகவில்லை, அந்தவரை பிழைத்தோம்.

இத்தனைக்கும் பிறகுதான் லேப்டாப்பைக் கையில் எடுத்தோம். கடைக்காரர் புதிதாகப் போட்டுக் கொடுத்த விண்டோஸில், பாதுகாப்பு அமைப்புக்குள் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற பட்டியலைத் திறக்கச் சொன்னான் பையன். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எந்த இடத்தையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்று சொல்லிவைக்கும் பட்டியல் அது. அதில் ஒரே ஒரு வரி. சி டிரைவ். முழு சி டிரைவும்! வீட்டுக்குக் காவல் போட்டுவிட்டு, வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே என்று சொன்ன மாதிரி. கடையில் லைசென்ஸ் இல்லாத விண்டோஸைப் போட்டு, அதை ஓட வைக்க ஒரு 'ஆக்டிவேட்டர்' போட்டிருக்கிறார்கள், அது தடைபடாமல் இருக்க டிஃபெண்டரின் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். என் மகள் செய்த அதே தப்பைக் கடையில் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால், சில வருடங்களாக வருகிறவற்றில் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. அதே பதிப்பைத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். எங்களுடையது 'ஹோம்' பதிப்பு, கடையில் போட்டது 'ப்ரோ'. சொந்த வீட்டை வைத்துக்கொண்டு திருட்டு வீட்டில் குடியிருந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கை முழுவதும் அழித்துப் புதிதாகப் போட்டோம். ஒரு மணி நேர வேலை. காசு எதுவும் ஆகவில்லை.

ஃபார்மட் அடிப்பதில் அவசரம் கூடாது என்பதற்கு என் அண்ணன் வீட்டுக் கதையும் உண்டு. 2019 மே மாதம் அவர்கள் கம்ப்யூட்டரில் ஃபோட்டோக்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், 'ஸ்டாப் டிஜேவியூ' என்ற வகை. 980 டாலர் கேட்டது, 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி என்றது. கொடுக்கவில்லை, அது சரிதான், கொடுத்தாலும் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் பூட்டிய கோப்புகளையும் சேர்த்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் அந்த வகையின் 148 மாதிரிகளுக்குப் பூட்டைத் திறக்கும் கருவியை இலவசமாக வெளியிட்டது. அண்ணியின் வளைகாப்புப் படங்கள் அவர்கள் அழித்த கோப்புகளில் இருந்தன. பூட்டிய கோப்புகளை ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தால் திறந்து பார்க்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இப்படிப்பட்ட கருவிகள் இருக்கின்றன. வைரஸ் நீக்க நம் அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா'வும் இலவசக் கருவிகள் தருகிறது. கூகுளில் தேடி, முதலில் வரும் ஏதோ ஒரு 'ஹெல்ப்லைன்' எண்ணுக்கு மட்டும் போன் போட்டுவிடாதீர்கள், அங்கே உட்கார்ந்திருப்பதும் திருடனாக இருக்கலாம்.

சர்வீஸ் கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் பிழைப்பில் மண் போட நான் எழுதவில்லை. எந்தப் பதிப்பு விண்டோஸ் போட்டீர்கள், வேறு என்னென்ன போட்டீர்கள் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள லேப்டாப்பில் அதையே போடுங்கள். கூலியை வேண்டுமானால் கூட்டிக் கேளுங்கள், கொடுக்கிறோம்.

ஆசிரியர் ஐயா, தினமும் மின்தடை அறிவிப்பு போடுகிறீர்கள், அதற்குப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, முதலில் நெட்டைத் துண்டி, வேறு கருவியில் பாஸ்வேர்டு மாற்று, எல்லா இடத்திலும் லாக் அவுட் செய், பணம் போனால் 1930 என்று இந்த நாலு வரியை இதே வரிசையில் போட முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.