எங்கே அறுகிறது என்று பார், கண்ணம்மா

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நாம் பேசிக்கொண்டிருந்தபோது மூன்று முறை இணைப்பு அறுந்தது. முதல் முறை நான்தான் எதையோ தவறாகத் தொட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவது முறை உன் முகம் அப்படியே உறைந்து நின்றது. மூன்றாவது முறை, வியாழக்கிழமை நேர்காணலைப் பற்றி நீ சொல்லத் தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே போய்விட்டது. ஒரு நிமிடம் கழித்து உன் போனிலிருந்து செய்தி வந்தது: "வைஃபை போய்விட்டது அப்பா. இந்த லேப்டாப்பே சரியில்லை, மாற்றிவிடப் போகிறேன்."

மாற்றாதே. கொஞ்சம் பொறு. இதைப் போனில் சொல்லலாம் என்றால் பாதியில் அறுந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நான் முப்பது ஆண்டுகள் தொலைபேசி லைன் பழுது பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். "போன் வேலை செய்யவில்லை" என்று புகார் வந்தால் யாரும் நேராகப் போய்க் கருவியை மாற்ற மாட்டோம். நடுவில் உள்ள இணைப்புப் பெட்டியில் கம்பியைப் பிரிப்போம். இணைப்பகத்துப் பக்கம் உயிர் இருக்கிறதா, வீட்டுப் பக்கம் உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம். பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரிப்போம். உன் வைஃபையிலும் அதே வேலைதான். மடிக்கணினியிலிருந்து ரூட்டர் வரை ஒரு பாதி. ரூட்டரிலிருந்து வெளியுலகம் வரை மறு பாதி. "வைஃபை போய்விட்டது" என்று நாம் சொல்வது இந்த இரண்டில் எது என்று தெரியாமலே சொல்வது.

ஆகவே ஒரு கேள்வி. நேற்று அந்தச் செய்தியை அனுப்பியபோது உன் போன் எதில் இருந்தது? அதே வைஃபையிலா, சிம்மின் டேட்டாவிலா? வைஃபை தடுமாறினால் போன் நம்மிடம் சொல்லாமலே டேட்டாவுக்குத் தாவிவிடும். அதனால் உன் நினைவை நம்ப வேண்டாம். இன்று மாலை போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள். அடுத்த முறை அறும்போது முதல் வேலையாகப் போனில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திற. போனில் திறந்தால் ரூட்டரும் வெளி லைனும் நன்றாக இருக்கின்றன. மடிக்கணினியைத்தான் பார்க்க வேண்டும். போனிலும் திறக்கவில்லை என்றால், நீ புது மடிக்கணினி வாங்கினாலும் அதுவும் அறும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது திரையின் மூலையில் உள்ள வைஃபை சின்னம். அது இணைந்தபடியே இருந்து "இன்டர்நெட் இல்லை" என்று மட்டும் காட்டுகிறதா? சின்னமே போய், நெட்வொர்க்குகளின் பட்டியல் திரும்பவும் வருகிறதா? அல்லது வைஃபை என்ற பொத்தானே காணாமல் போகிறதா? மூன்றும் மூன்று வேறு நோய்கள். பொத்தானே மறைந்தால் உள்ளே உள்ள வைஃபை அட்டையையே கணினி இழந்துவிடுகிறது என்று பொருள்; அது டிரைவரின், அதாவது அட்டையை இயக்கும் மென்பொருளின் கோளாறு, அல்லது அட்டையின் கோளாறு.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிங் ஓடவிடு; ஒரு முகவரியைத் தட்டி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்கள் இரண்டைத் திற. ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கு பிங் கொடு. அந்த முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்குக் கொடு. விண்டோஸில் நான்கு முறையோடு நின்றுவிடும். நிற்காமல் ஓட, கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் t என்ற ஆங்கில எழுத்தும் சேர்க்க வேண்டும்: ping 8.8.8.8 -t என்பதுபோல. இரண்டையும் அருகருகே ஓடவிட்டுவிட்டு உன் வேலையைப் பார். அறும் நேரத்தில் இரண்டும் நின்றால் பழுது உனக்கும் ரூட்டருக்கும் நடுவில். ரூட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வெளி முகவரி மட்டும் நின்றால் பழுது ரூட்டருக்கு அப்பால். சேவை தருபவரைத்தான் அழைக்க வேண்டும். இரண்டுமே ஓடிக்கொண்டிருக்க இணையப் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு.

இதைச் செய்து முடிக்கும்வரை எதையும் மாற்றாதே, எதையும் ரீசெட் செய்யாதே. "நெட்வொர்க் ரீசெட் கொடுத்துப் பார்" என்று எல்லோரும் சொல்வார்கள். சில சமயம் சரியாகியும் விடும். ஆனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும், ஏன் சரியானது என்பதும் தெரியாது. பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தால், நேர்காணலின் நடுவில் வந்தால், கையில் ஒன்றும் இருக்காது.

என் மடிக்கணினிக்கும் சென்ற ஆண்டு இதே தொல்லை வந்தது, உன்னிடம் சொல்லவில்லை. சேவை நிறுவனத்தை நான்கு முறை அழைத்தேன், அவர்கள் ரூட்டரையே மாற்றிக் கொடுத்தார்கள், அப்போதும் அறுந்தது. கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அறும் நேரத்தையும், அந்நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுதத் தொடங்கினேன். ஐந்தாம் நாள் பக்கத்தைப் பார்த்ததும் விடை கண்ணில் பட்டது. பழைய புகைப்படங்களைப் பார்க்க வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டும்போதெல்லாம் அறுந்திருந்தது. யூஎஸ்பி 3 கருவிகளும் அவற்றின் கேபிளும் வேலை செய்யும்போது, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இரைச்சலைக் கசியவிடுகின்றன. இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வைத்து, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து ஒரு முறைகூட அறவில்லை. உன் மேசையிலும் ஒரு டிஸ்க் இருப்பதை வீடியோவில் பார்த்தேன். அதை ஒரு நாள் கழற்றி வைத்துப் பார்.

அந்த 2.4 அலைவரிசையில் நெரிசல் அதிகம். புளூடூத் ஹெட்போன் அதில்தான் பேசுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அக்கம்பக்கத்து ரூட்டர்களும் அங்கேதான் நிற்கின்றன. ஓர் அலைவரிசையைச் சேனல்கள் என்ற சிறு பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள்; இதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். முடிந்தவரை 5-க்குப் போய்விடு. சுவரைத் துளைத்து வருவதில் அது பலவீனம், ஆனால் நீ ரூட்டர் இருக்கும் அறையிலேயே வேலை செய்கிறாய்.

5-இலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த அலைவரிசையின் நடுப்பகுதி, 52 முதல் 144 வரையிலான சேனல்கள், பல நாடுகளில் ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ளப்பட்டவை. ரேடாரின் சமிக்ஞை கேட்டால் ரூட்டர் 10 விநாடிக்குள் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும், 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது என்பது விதி. புதிதாக அத்தகைய இன்னொரு சேனலில் ஏறுவதற்கு முன் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். அந்த நிமிடத்தில் வீட்டில் 5-இல் இணைந்துள்ள எல்லாக் கருவிகளும் ஒன்றாக அறும். உன் போனும் மடிக்கணினியும் சேர்ந்தே அறுந்து, சேர்ந்தே ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தால், ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனலை "ஆட்டோ" என்பதிலிருந்து மாற்றி 36 முதல் 48-க்குள் ஒன்றைக் கொடு.

மடிக்கணினி மட்டும் அறுகிறது என்று தெரிந்தால் என் சந்தேகங்கள் மூன்று.

பேட்டரியில் ஓடும்போது மட்டும் அறுகிறதா, சார்ஜர் மாட்டியிருக்கும்போதுமா என்று கவனி. பேட்டரியில் மட்டும் என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கணினியே வைஃபை அட்டையை உறங்க வைக்கிறது. விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற பகுதியில் அந்த அட்டையின் பண்புகளைத் திறந்தால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ள குறியை எடுத்துவிடு. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது, இல்லையென்றால் விட்டுவிடு.

அடுத்தது டிரைவர். இந்தத் தொல்லை எந்த நாளில் தொடங்கியது, அதற்கு முன் ஏதாவது பெரிய அப்டேட் ஓடியதா என்று யோசி. ஓடியிருந்தால் அதே பண்புகள் பக்கத்தில் பழைய டிரைவருக்குத் திரும்பும் வழி இருக்கும். புது டிரைவர் வேண்டுமானால் உன் மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடு; டிரைவர்களைத் தானே தேடித் தரும் மென்பொருள்களைக் கிட்டே சேர்க்காதே. எதைச் செய்தாலும் அதற்கு முன் டிரைவர் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள். பழையதை நீக்கிய பிறகு வைஃபையே இல்லாமல் போனால் புதியதை எப்படி இறக்குவாய்?

மூன்றாவதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நேற்று மூன்று முறை அறுந்ததில் இரண்டு முறை, அறுவதற்குச் சற்று முன் உன் படம் ஆடியது. முதலில் நீ திரையைப் பின்னால் சாய்த்தாய். பிறகு மேசையிலிருந்து மடிக்கு மாற்றினாய். பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை ஆன்டெனா கீழ்ப்பகுதியில் இல்லை. திரையின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நூல் போன்ற இரண்டு கம்பிகள் கீல் வழியாக இறங்கி அட்டையில் மாட்டப்படுகின்றன. திரையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பிகள் மடங்குகின்றன. அட்டையில் மாட்டும் தலைகளோ சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. அவ்வகைத் தலைகள் சிலவற்றை ஏறத்தாழ 30 முறை கழற்றி மாட்டுவதற்கு மட்டுமே செய்திருக்கிறார்கள். சென்ற மாதம் பேட்டரி மாற்றக் கொடுத்தாயே, அப்போது ஒரு தலை சரியாக அழுந்தாமல் போயிருக்கலாம்.

இதைச் சோதிக்கக் கழற்ற வேண்டியதில்லை. ரூட்டருக்கு அருகில் உட்கார்ந்து பிங் ஓடவிட்டுத் திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பார். ஏதோ ஒரு கோணத்தில் பதில்கள் தாமதமாகி நின்றால் கீலைத்தான் பார்க்க வேண்டும். யாரிடமாவது யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கி மாட்டியும் பார்க்கலாம். அதில் அறவே அறாமல் ஓடினால் பழுது உள்ளே உள்ள அட்டையில், அதன் டிரைவரில், அல்லது அந்தக் கம்பியில். கம்பிதான் என்றால், பேட்டரி மாற்றிய இடத்தில் மறுபடி அழுத்தி மாட்டச் சொன்னாலே போதும். அல்லது அந்த அடாப்டரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். இதற்காக ஒரு முழு மடிக்கணினியைத் தூக்கிப் போட வேண்டுமா? உன் முதல் சம்பளத்தில் வாங்கியது அது.

விண்டோஸில் ஒரு கட்டளை கொடுத்தால் கடந்த மூன்று நாள்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, என்ன காரணம் என்று ஓர் அறிக்கையை அதுவே தயாரித்துத் தரும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துதான் அதைக் கொடுக்க வேண்டும். கட்டளையை உன் போனுக்குத் தனியாக அனுப்புகிறேன். வரும் அறிக்கையை எனக்கு அனுப்பு. நான் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கிறேன். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

வியாழக்கிழமைக்கு மட்டும் இந்தச் சோதனைகளை நம்பியிருக்காதே. அன்று ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து மடிக்கணினியில் செருகிக்கொள். அதில் கேபிள் துளை இல்லையென்றால் போனை யூஎஸ்பி வழியாக இணைத்து அதன் டேட்டாவைக் கொடு. நேர்காணலுக்கு அரை மணி முன்பே இணைத்து, எனக்கு ஓர் அழைப்பு விடுத்துப் பார்த்துக்கொள். நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இன்று இரவே ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்: நேரம், சின்னம் என்ன காட்டியது, போனில் திறந்ததா, பேட்டரியா சார்ஜரா, திரை அசைந்ததா. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அதை எனக்குப் படித்துக் காட்டு. கேபிளைச் செருகிக்கொண்டு பேசு.

அன்புடன்,
அப்பா