ஆழமாக வெட்டினால் உப்புதான் ஊறும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலோர ஊர்களில் மழைநீரைத் தேக்க அரசு மானியத்தில் பண்ணைக்குட்டை வெட்டுவது நல்ல வேலை. அதன் ஆழத்தைப் பற்றி மட்டும், பட்டு அறிந்த ஒரு பெண்ணாக இதை எழுதுகிறேன்.

வேதாரண்யம் வட்டத்தில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்களுக்கு மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கடல் தண்ணீர் வயலுக்குள் ஏறியது. அடுத்த கோடையில் மண் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மழைத் தண்ணீரைத் தேக்கினால் கோடையில் கொஞ்சம் காய்கறியாவது எடுக்கலாம் என்று 60 அடிக்கு 40 அடியில் குட்டை வெட்டினோம். பொக்லைன் கொண்டு வந்தவர்கள் எட்டடி ஆழம் வேண்டும் என்றார்கள். ஆழம் கூடினால் தண்ணீரும் கூடும் என்று நானும் நம்பினேன்.

கார்த்திகையில் கரை தொட நிரம்பியது. தையில் பத்து சென்டில் கத்தரி நட்டேன். மாசி பாதியில் இலை ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. பூச்சி என்று நினைத்து மருந்து வாங்கக் கிளம்பியவள், ஏதோ தோன்றிக் குட்டைத் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தேன். கரித்தது.

எங்கள் மணல் பாங்கான நிலத்தில் மழைத் தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் மேலேயே நிற்கிறது. குட்டை அந்தப் படலத்தைத் தாண்டி இறங்கிவிட்டால், நாம் இறைக்க இறைக்க, வெயில் குடிக்கக் குடிக்க, அடியிலிருந்து உப்பு ஊறி மேலே வரும். போதாக்குறைக்கு, அடியிலிருந்து எடுத்த உவர் மண்ணையே கரையாகக் குவித்துவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்த உப்பு கரைந்து குட்டைக்குள்ளேயே இறங்கியது.

என் மாமனார் இருந்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார். அவர் சித்திரையில் மண்வெட்டியால் ஒரு குழி எடுப்பார். கசிவு தெரிந்ததும் அரை அடிக்கு ஒரு முறை நின்று நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரிப்பு தட்டிய இடத்துக்கு ஒன்றரை அடி மேலேயே குளத்தின் தரையை நிறுத்துவார். அந்தக் கணக்கை நினைவில் வைத்து, மறு ஆண்டு குட்டையை நான்கடிக்குத் தூர்த்தேன். உவர் மண்ணைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தினேன். சரிவு போக இப்போது ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் லிட்டர் பிடிக்கிறது. எட்டடியில் பிடித்ததைவிடக் குறைவுதான். ஆனால் பங்குனி வரை வாயில் ஊற்றலாம், செடிக்கும் ஊற்றலாம்.

மழைக்கு இங்கே பஞ்சமில்லை. எங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் பெய்தாலே 40 ஆயிரம் லிட்டர். வரப்பை உயர்த்தி அதை வயலில் நிறுத்தி வடித்தால் மண்ணின் உப்பும் இறங்குகிறது. நான் அப்படிச் செய்து, தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரச் செடியையும் விதைத்து மடக்கி உழுத பிறகுதான் நெற்பயிர் பச்சை கட்டியது.

ஆகவே அதிகாரிகளிடம் கேட்பது இதுதான்: மேட்டு ஊருக்கும் கடலோர ஊருக்கும் ஒரே ஆழத்தை எழுதாதீர்கள். ஆழம் குறைந்தால் மானியம் குறையும் என்று பயந்தே பலர் தோண்டிவிடுகிறார்கள். கடலோரத்தில் பரப்பைக் கூட்டி ஆழத்தைக் குறைக்க இடம் கொடுங்கள். சித்திரையில் சோதனைக் குழி எடுத்து, ஆடிக்குள் வெட்டி முடியுங்கள். அளவெடுக்க வரும்போது வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். காலம் காலமாகக் குடத்தோடு ஊற்று தேடி நடந்தவர்கள் நாங்கள். எந்தத் திடலில் எத்தனை அடியில் கரிக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு பெண் விவசாயி,
வேதாரண்யம் வட்டம்,
நாகப்பட்டினம் மாவட்டம்.