உன்ர பழைய லாப்டொப்புக்கு என்ன போடுறது

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை

மச்சான்,

"பழைய லாப்டொப்புக்கு எந்த லினக்ஸ் போட்டால் கெதியா பூட் ஆகும்?" எண்ட உன்ர கேள்விக்கு மூண்டு மாசமாப் பதில் போடாமல் இருந்தது என்ர பிழைதான், ஏசிப்போட்டு விடு. இங்க எல்லாரும் சுகம். அக்காவைக் கேட்டதாச் சொல்லு. இப்ப அவசரப்பட்டு எழுத வைச்சது எங்கட கூட்டாளி "கண்ணாடி" கொண்டுவந்த செய்தி. நீ லாப்டொப்பை ஒரு கடையில குடுத்து "லைட் விண்டோஸ்" போடப் போறியாம். குடுத்திட்டியெண்டா ஓடிப்போய் வாங்கு.

உது ஆரோ ஒருத்தன் விண்டோஸை வெட்டிக் கொத்தி, வைரஸ் காவலையும் அப்டேற்றையும் பிடுங்கிப்போட்டு விட்ட சாமான். பிடுங்கினவன் என்னத்தைச் சேத்தவன் எண்டு கடைக்காரனுக்கும் தெரியாது. அதுக்குள்ள இருந்து நீ பாங்க் கணக்குத் திறக்கப் போறாய். ஒழுங்கான விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட இலவச ஆதரவு முடிஞ்சுது. 11 எண்டால் எட்டாந் தலைமுறை இன்டெல் சிப்பும் டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் கேக்கும், உன்ர ஐ3 மூண்டாந் தலைமுறை. ஆகவே விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் எண்ட இலவச இயங்குதளம். இதில உனக்கும் எனக்கும் சண்டை இல்லை.

சண்டை வேற இடத்தில. "எது கெதியா பூட் ஆகும்?" எண்டு கேட்டாய். அந்த 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் உள்ளுக்கு இருக்குமட்டும் எதுவும் கெதியா ஆகாது, மச்சான். கணக்கைப் பார். நிமிசத்துக்கு 5400 சுத்து எண்டால் ஒரு சுத்துக்கு 11 மில்லிசெக்கன். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழ வர, சராசரி அரைச் சுத்து. ஊசி தடம் மாற இன்னும் ஒரு 10, 12. ஆக ஒரு துண்டை எடுக்க 16, 17 மில்லிசெக்கன். செக்கனுக்கு 60 துண்டு தாண்டாது. பூட் ஆகேக்க தேவைப்படுறது ஆயிரக்கணக்கான சின்னப் பைல், மூலைக்கு மூலை சிதறிக் கிடக்கும். எஸ்எஸ்டியில (சிப்புக்குள்ள சேமிக்கிற டிஸ்க்) ஊசியும் இல்லை, சுத்துறதும் இல்லை, ஒரு துண்டுக்கு 0.1 மில்லிசெக்கன் அளவுதான். லினக்ஸின்ர பேரை மாத்தி மாத்திப் போட்டு நீ மிச்சம் பிடிக்கிறது, இந்த ஒரு மாற்றத்துக்குப் பக்கத்தில தூசு.

அதால முதல் செலவு 2.5 இஞ்சி சாற்றா எஸ்எஸ்டி. 240 ஜிபி தாராளம். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீற்றர் தடிப்பு, புதுசு 7. ஆடினால் பிளாஸ்ரிக் சட்டம் ஒண்டு வைச்சு இறுக்கு. ரம்மும், அதுதான் நினைவகம், 4 ஜிபி கூட்டு (கண்ணாடி சொல்லுற ரம் வேற). டிடிஆர்3எல் 1600 எண்ட வகை வாங்கினால் உன்ரதிலயும் ஓடும், நாளைக்கு நாலாந் தலைமுறை மெசின் கிடைச்சாலும் உதவும். உன்ரது பத்து வருசம் டச்பேக் கடற்கரையில உப்புக் காத்துக் குடிச்ச சாமான். ரம்மின்ர பொன்நிறப் பல்லுகள் கறுத்திருக்கும். பற்றரியைக் கழட்டிப்போட்டு வெள்ளை அழிறப்பரால மெல்லமாத் தேய். திரை வராமல் சும்மா பீப் அடிக்கிறது கனநேரம் உந்தக் கறுப்பாலதான்.

ஒரு விசயம் பகிடி இல்லாமல் சொல்லுறன். பழைய டிஸ்க்கை அழிக்காதே. அப்பாவின்ர கடைசிப் படங்கள் அதுக்குள்ளதானே. கழட்டி ஒரு யூஎஸ்பி கேசிங்கில போட்டு, டிஸ்க் தன்ர சுகத்தைத் தானே எழுதிவைக்கிற ஸ்மார்ட் கணக்கில 5, 197 எண்ட இலக்கம் போட்ட வரிகளைப் பார்; பழுதான இடங்களின்ர எண்ணிக்கை அது. மூல எண் பூச்சியம் இல்லையெண்டால் டிஸ்க் சாகத் தொடங்கிட்டுது. வேற எல்லாத்தையும் விட்டிட்டுப் படங்களை இரண்டு இடத்தில கொப்பி எடு. அதுக்குப் பிறகு மிச்சத்தை வாசி.

என்ன போடுறது? லினக்ஸில கன வகை இருக்கு. 8 ஜிபி ஆக்கினால் மின்ற் எக்ஸ்எஃப்சிஈ, கண்ணை மூடிக்கொண்டு. 2 ஜிபியோட மல்லுக்கட்டுற மெசினுக்கு அன்ரிக்ஸ். சும்மா நிக்கேக்க 300 எம்பியும் தின்னாது, ஆனா முகம் பழசு, உன்ர பொறுமைக்குச் சரிவராது. லுபுன்ரு நல்லதுதான், ஆனா அதின்ர ஃபயர்ஃபொக்ஸ் ஸ்னப் எண்ட தனிப்பெட்டிப் பொதியா வரும், முதல்முறை திறக்க இழுக்கும். குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் முழு டிஸ்க்கையும் தனக்கெண்டு கேக்கும், ப்ளே ஸ்ரோரும் தராது. நீ விழுந்து விழுந்து கேட்ட பப்பி, பறி கோலர் எண்ட ஒஸ்ரேலியர் தன்ர நாயின்ர பேரில 2003இல தொடங்கினது. முழுக்க ரம்முக்குள்ள ஏறி ஓடும், வலு கெதி. ஆனா வழமையா ரூட் ஆகவே, எல்லா அதிகாரமும் உள்ள பயனராவே ஓடும்; சேமிக்காமல் கரண்ட் நிண்டால் செய்த வேலையும் போச்சு, உன்ர பற்றரியோ செத்துப்போச்சு. டிஸ்க்கில இருந்து பைல் மீட்க ஒரு பென் ட்ரைவில வைச்சிரு, அவ்வளவுதான்.

மின்ற் 3 ஜிபிக்குக் கிட்ட வரும், இரவு டேட்டாவில இறக்கு. இறக்கினதும் பைல் பழுதில்லாமல் வந்ததோ எண்டு காட்டுற எஸ்எச்ஏ256 எண்ணை, மின்ற் தளத்தில போட்டிருக்கிறதோட ஒத்துப்பார். பாதி பழுதான பைலை வைச்சுக்கொண்டு லாப்டொப்பை ஏசுறவை கனபேர். 8 ஜிபி பென் ட்ரைவில எழுதி, நிறுவ முதல் லைவ் ஆக (பென் ட்ரைவில இருந்தே) ஓடவிட்டு வைஃபை, சத்தம், மூடித் திறந்தால் எழும்புதோ எண்டு பார். பிரிண்டரையும் கொழுவிப் பார். லைவ் ஆறுதலாத்தான் ஓடும், அதை வைச்சுத் தீர்ப்பு எழுதாதே. வைஃபை சிப் பிறோட்கொம் எண்டால் லினக்ஸ் அதை உடன கண்டுபிடிக்காமல் விடலாம். ஃபோனை யூஎஸ்பியில கொழுவி டேட்டா குடுத்து, மின்றின்ர ட்ரைவர் மனேஜரில அதுக்கான ட்ரைவரை எடு. மணி பின்னுக்குப் போய், இணையத்தளம் எல்லாம் "பாதுகாப்பில்லை" எண்டு கத்தினால் மணியைக் காக்கிற சீமொஸ் பற்றரி முடிஞ்சுது, பெரும்பாலும் சிஆர்2032.

உன்ர வினாத்தாள் எல்லாம் பாமினி எழுத்துருவிலதானே? எழுத்துருப் பைலை வீட்டுக் கோப்புறைக்குள்ள ".ஃபொன்ற்ஸ்" எண்டு ஒண்டு உண்டாக்கி (முன்னால புள்ளி முக்கியம், ஆங்கிலத்தில அடி) அதுக்குள்ள போடு, லிப்ரேஒஃபிஸில திறக்கும். யுனிகோட்டில அடிக்க ஐபஸ் எண்ட தட்டச்சுச் செயலியோட எம்17என் எண்ட விசைப்பலகைப் பொதியையும் நிறுவு. ரெங்கநாதன் விசைப்பலகை அதிலயே இருக்கு.

எல்லாம் முடிஞ்ச பிறகு ரெர்மினலில (கட்டளை அடிக்கிற சாளரம்) "சிஸ்ரம்டி-அனலைஸ்" எண்டு ஆங்கிலத்தில அடி, இடையில கோடு போட்டு. கேர்னலுக்கு (லினக்ஸின்ர கரு) எத்தனை செக்கன், அதுக்குப் பிறகு எத்தனை எண்டு பிரிச்சுச் சொல்லும். யூஇஎஃப்ஐ எண்ட புது பூட் முறையில நிறுவினால் பயோஸ் தின்ன நேரமும் வரலாம். பின்னால "பிளேம்" சேத்தால் பூட் ஆகேக்க ஓடுற சேவைகளில ஆர் ஆர் எவ்வளவு நேரம் எடுத்தவை எண்ட பட்டியல். அதைக் கூட்டிப் பாத்துப் பயப்படாதே, எல்லாம் ஒரே நேரத்தில ஓடுறது. மற்றதுகளைக் காக்க வைக்கிறது ஆர் எண்டு "கிறிட்டிக்கல்-செயின்" காட்டும். மேல "நெற்வேர்க்மனேஜர்-வெயிற்-ஒன்லைன்" (இணைப்பு வருமட்டும் காத்துநிக்கிற சேவை) நிண்டால் நிப்பாட்டு. வீட்டு மெசினுக்கு அது தேவையில்லை. விண்டோஸையும் பக்கத்தில வைச்சிருந்தால் அதின்ர ஃபாஸ்ற் ஸ்ராட்டப்பை அணை, இல்லாட்டி அது அரைத்தூக்கத்தில நிண்டுகொண்டு தன்ர பாட்டிசனில லினக்ஸை எழுத விடாது.

பழைய டிஸ்க்கைக் கழட்ட முதல் அது பூட் ஆகிற நேரத்தைக் கடிகாரத்தில பார், எஸ்எஸ்டியில இந்தக் கட்டளையை அடி, இரண்டையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. கண்ணாடியோட தேத்தண்ணி பந்தயம் கட்டியிருக்கிறன்.

உன்ர,
வகுப்பு மொனிட்டர்

பி.கு.: ஸ்குரூ கழட்டேக்க எது எந்த ஓட்டை எண்டு கடதாசியில ஒட்டிவை. நீட்டு ஸ்குரூவைக் கட்டை ஓட்டையில முறுக்கினால் அங்கால மதர்போர்ட்டில குத்தும்.