மண்டபத்துத் தண்ணீரும் உன் பேத்தியின் துணியும்

தங்கச்சிமடம்

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தி இரவு முழுக்க விழித்திருக்கிறாள், விடிந்தால் தூங்குகிறாள் என்று நீ புலம்பியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அவள் அம்மாவும் உன்னை இப்படித்தான் படுத்தினாள், மறந்துவிட்டாயா? அடுத்த மாதம் தாயும் பிள்ளையும் மாப்பிள்ளை வேலை பார்க்கும் மண்டபத்துக்கே வருகிறார்கள் என்றதில் உன்னைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி. எங்கள் தீவிலிருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டினால் அவர்கள் வீடு. நினைத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கோயம்புத்தூரில் குழந்தைக்கு ஒத்துக்கொண்ட அந்தத் துணி சோப்பையே பெட்டி நிறைய வாங்கிக் கொடுத்தனுப்பவா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். நீ துவைப்பது சிறுவாணித் தண்ணீரில். அதில் எந்தச் சோப்பும் நுரைக்கும், அலசினால் போய்விடும். மண்டபத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரை வாயில் வைத்துப் பார், தெரியும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரிந்துவிடும். போதாததற்கு உப்பு வேறு சோப்பை நுரைக்கவிடாது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்போம். அவ்வளவும் துணியிலேயே ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் அப்பளம் போல விறைத்து நிற்கும். அதைத்தான் பிள்ளையின் கழுத்திலும் இடுப்பிலும் கட்டுவோம். பிறகு சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு சோப்பு மாற்றுவோம்.

ஆகவே இங்கே கட்டிச் சோப்பை விட, வாசனையும் நிறமும் சேர்க்காத திரவ டிடர்ஜென்ட் நல்லது. அது உப்புத் தண்ணீரிலும் பிசுக்காகத் திரியாது. தூளும் பிசுக்காகாதுதான். ஆனால் பல தூள்களில் சலவைச் சோடா இருக்கிறது. அது கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து துணியில் வெள்ளையாகப் படியும். சரியாகக் கரையாத குருணைகள் தையல் மடிப்பில் தங்கும். புட்டியில் சிரிக்கிற குழந்தைப் படம் இருக்கிறதா என்று பார்க்காதே. அந்தப் படத்துக்கு இரட்டை விலை கொடுத்து வாங்கினால் உள்ளே பூ வாசனைதான் தூக்கலாக இருக்கும். தோல் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாவதே அந்த வாசனைப் பொருள்தான். கடைசி அலசலில் ஊற்றுகிற மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அது துணியில் தங்குவதற்கென்றே செய்யப்பட்டது. சொட்டு நீலம், கிருமிநாசினி இரண்டுக்கும் வேலையே இல்லை. மலம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி எடுத்துவிட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் விட முக்கியம் அலசுவது. இங்கே நாங்கள் செய்வது இதுதான்: துவைப்பதும் முதல் அலசலும் ஆழ்குழாய்த் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் குடத்தில் பிடித்துவைத்துக்கொள்ளலாம். வராத நாளில் தள்ளுவண்டிக் குடம் வாங்க வேண்டும். பிள்ளைத் துணிக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிவிடும்? இந்தக் கரையில் மணலைத் தோண்டினால் உப்பு நீருக்கு மேல் மழைநீர் தேங்கி நல்ல ஊற்று கிடைக்கிற இடங்களும் உண்டு. தனுஷ்கோடிப் பக்கம் அதைத்தான் குடிக்கிறார்கள். உன் மகளைத் தோண்டச் சொல்லவில்லை, பயப்படாதே.

பூந்திக்கொட்டை ஊறவைத்துத் துவைக்கலாமா என்று உன் சம்பந்தி கேட்டாராமே. தாராளமாக. ஆனால் இயற்கையில் கிடைப்பது என்பதற்காக எல்லாமே மென்மையாகிவிடாது. பூந்திக்கொட்டைச் சாறு கண்ணில் பட்டால் எரியும். வெளுக்கப் போட்ட துணியில் அடையாளத்துக்குச் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்களே, அது பட்ட இடத்தில் பெரியவர்களுக்கே தோல் வெந்து கொப்பளித்திருக்கிறது. அதுவும் மரத்தில் காய்த்ததுதான்.

அடுத்ததுதான் என்னை நிஜமாகவே கவலைப்படவைக்கிறது. உன் மகள் பிறந்தபோது வாங்கிய சட்டைகளையும் உன் மாமியாரின் பழைய சேலைத் துண்டுகளையும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். பழைய பருத்தித் துணிக்கு ஈடில்லை, சந்தேகமே வேண்டாம். ஆனால் பெட்டியில் அந்துருண்டை போட்டிருக்கிறாயா? போட்டிருந்தால் அந்தத் துணி பிள்ளைக்கு வேண்டாம். அதில் இருக்கும் நாப்தலின் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அதனால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் குறை இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு முறை துவைத்தால் போகிற வாடையும் அல்ல அது. இனி உருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலை போட்டு வை, போதும்.

காயப்போடுவதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆனி, ஆடியில் தென்கடல் காற்று மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு வரும். உப்பு படிந்த துணி காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசவென்றே இருக்கும். அந்த மாதங்களில் வீட்டுக்கு வடக்கே, சுவர் மறைவில், வெயில் படுகிற இடமாகப் பார்த்துக் கொடி கட்டச் சொல். பக்கத்தில் யாரும் கருவாடு காயவைக்காத இடமாக இருந்தால் நல்லது!

பிள்ளையின் தோல் சிவந்து தடித்தால் உடனே சோப்பின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். இந்த வெக்கையில் வேர்க்குருவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் துணி உரசுகிற மேட்டில் மட்டும் சிவந்து, தொடை மடிப்பின் உள்பக்கம் தெளிவாக இருந்தால் உறுத்தல்தான். மடிப்புக்குள்ளேயே சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொரியாக இருந்தால் பூஞ்சையாக இருக்கும். அதற்கு மருத்துவரிடம் போக வேண்டுமே தவிர சோப்பை மாற்றிப் பயனில்லை.

எங்கள் வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. படகு கரையில் நிற்கிறது, என் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார். வலை பின்னுகிறேன் என்று நடு வீட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது. நீயும் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் சாக்கில் மண்டபத்தோடு நின்றுவிடாமல் இங்கேயும் வா. எந்த நாள் ரயில் என்று மட்டும் முன்கூட்டியே எழுது. மண்டபம் வீட்டில் குடங்களை நிரப்பிவைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன்,
ஸ்டெல்லா