பூஞ்சை ரொட்டி தின்றா வரைந்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் விநோத ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய நெதர்லாந்து ஓவியர் ஹிரோனிமஸ் போஷ் வரைந்த நரகத்தை அரைப் பக்கத்துக்கு வண்ணத்தில் போடுவது தமிழ்ப் பத்திரிகையில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. ஆனால் படத்தைப் போட்டுவிட்டு அந்த மனிதரைப் பற்றி நீங்கள் சொன்னது இரண்டே விஷயம். பூஞ்சை பிடித்த ரொட்டியைத் தின்று மதி மயங்கிய நிலையில் இதையெல்லாம் வரைந்திருக்கலாம் என்பது ஒன்று, கனவு மாதிரி உருவங்களை வரைகிற சர்ரியலிசத்தை நானூறு வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே செரிக்கவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான், அதனால் வேலையை வைத்தே பேசுகிறேன். நீங்கள் போட்ட நரகம், மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிற மூன்று பலகை ஓவியத்தின் வலது பலகை. மூன்றையும் விரித்தால் அகலம் கிட்டத்தட்ட நாலு மீட்டர், உயரம் இரண்டு மீட்டருக்கு மேல். ஓக் மரப் பலகை, எண்ணெய் வண்ணம், ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. பறவைத் தலையோடு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களை விழுங்கிக் கீழ்வழியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறதே ஒரு பிராணி, அதன் தலையில் கவிழ்த்திருக்கிற அண்டாவின் பளபளப்பைப் பாருங்கள். தலை சுற்றிக்கொண்டிருக்கிற ஆளுக்கு அந்தக் கோடு நிற்குமா? போஷ் ஓவியர் குடும்பத்தில் பிறந்தவர், தாத்தாவும் அப்பாவும் அதே தொழில். ஊரில் பெரிய மனிதர்கள் சேர்ந்திருந்த மாதா சபையில் உறுப்பினர். 1504இல் பர்கண்டி கோமகன் பிலிப்பு அவருக்கு ஒரு பெரிய படத்துக்கு ஆர்டர் கொடுத்து முன்பணமும் தந்ததற்குப் பதிவு இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலை செய்த தொழில்காரர் ஐயா அவர்.

இந்த மாதிரிப் பழி அவர்மேல் விழுவது புதுசும் இல்லை. அவர் 1516இல் இறந்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பு, மத விஷயத்தில் எவ்வளவு கறாரான ஆள், அவரே இந்த மூன்று பலகைப் படத்தை வாங்கி எஸ்கோரியல் மடத்தில் வைத்துக்கொண்டார். அப்போது சிலர் போஷ் மத விரோதி என்று கிளப்பிவிட, அந்த மடத்துத் துறவி சிகுவென்சா 1605இல் அவருக்காகப் பரிந்து எழுதினார்: மற்றவர்கள் மனிதனை வெளியே தெரிகிறபடி வரைகிறார்கள், இவருக்கு மட்டும்தான் உள்ளே இருக்கிறபடி வரையத் தைரியம் இருந்தது என்று. அன்றைக்கு மத விரோதி, போன நூற்றாண்டில் கனவுக்காரர், இப்போது ரொட்டி.

சரி, பின்னே அந்த உருவங்கள் எங்கிருந்து வந்தன? எல்லாவற்றுக்கும் விடை சொல்ல யாராலும் முடியாது, அந்த நடுப் பலகையில் இருக்கிற ஸ்டிராபெரிப் பழங்களுக்கு அர்த்தம் சொல்லி இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் ஒரு பெரிய ஊற்று நமக்கு நன்றாகத் தெரியும். பேச்சுதான் அது. ஜனங்கள் வாயில் புழங்குகிற பழமொழி.

பெர்லினில் போஷின் பேனா ஓவியம் ஒன்று இருக்கிறது, நோட்டுப் புத்தகப் பக்கத்தைவிடச் சின்னது. நடுவில் பட்டுப்போன மரம், அதன் பொந்தில் ஆந்தை. கீழே தரையில் அங்கங்கே கண்கள் கிடக்கின்றன, திறந்த கண்கள், மொத்தம் ஏழு. பின்னால் மரக்கூட்டத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு காதுகள், சாய்த்து வைத்த மாதிரி நிற்கின்றன. எந்தச் சர்ரியலிஸ்ட் கண்காட்சியில் மாட்டினாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் விஷயம் என்னவென்றால், வயலுக்குக் கண் உண்டு, காட்டுக்குக் காது உண்டு என்பது அந்த ஊர்ப் பழமொழி. நம் சுவருக்கும் காது உண்டுதானே? அதை அப்படியே வரைந்துவிட்டார், அவ்வளவுதான். அவர் பாஷையில் 'போஷ்' என்றாலே காடு, அவர் வைத்துக்கொண்ட பெயரிலும் அவருடைய ஊர்ப் பெயரிலும் அது ஒளிந்திருக்கிறது, அந்தக் குறும்பும் சேர்த்தி. அவருடைய வைக்கோல் வண்டி ஓவியமும் இதே கதை. உலகம் ஒரு வைக்கோல் போர், ஆளுக்குக் கிடைத்ததைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது பழமொழி, படத்தில் போப்பாண்டவரும் அரசனும் வண்டிக்குப் பின்னால் வருகிறார்கள், சின்னவர்கள் சக்கரத்தடியில் விழுந்து அடித்துக்கொள்கிறார்கள். நம் ஊர் எரிகிற வீடுதான், பிடுங்குகிற ஆட்கள்தான் வேறு.

இப்போது உங்கள் தவறுக்கு வருகிறேன். கரையில் ராட்சத மீன் கிடக்க, அதன் வாயிலிருந்தும் கிழித்த வயிற்றிலிருந்தும் மீன் மீனாகக் கொட்ட, இடது ஓரத்தில் கால் முளைத்த மீன் ஒன்று இன்னொரு மீனைக் கவ்விக்கொண்டு நடந்து போகிறதே, அந்தப் படத்துக்கு அடியில் 'போஷ்' என்று போட்டிருக்கிறீர்கள். அது போஷுக்குப் பின்னால் வந்த பீட்டர் புரூகல் என்ற ஓவியர் வரைந்தது. 1556இல் அவர் கையால் வரைந்த மூலம் வியன்னாவில் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த வருடம் ஆன்ட்வெர்ப்பில் ஹிரோனிமஸ் காக் என்ற பதிப்பாளர் அதை அச்சில் கொண்டுவந்தபோது, புரூகல் பெயர் அப்போது அவ்வளவு விலை போகாததால், செத்து 41 வருடமான போஷின் பெயரைப் போட்டு விற்றுவிட்டார். காக் காசுக்காகச் செய்தார், நீங்கள் பார்க்காமல் செய்திருக்கிறீர்கள். அதிலும் விஷயம் பழமொழிதான், பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும். படகில் ஒரு அப்பா மகனுக்குக் கைநீட்டிக் காட்டுகிறார், பாரடா என்று.

இந்தப் புரூகல் 1559இல் ஒரே பலகையில் நூற்றுக்கும் மேலான பழமொழிகளை ஊர் மாதிரி வரைந்து வைத்திருக்கிறார், அதுவும் பெர்லினில்தான். ஒருவன் வெளிச்சத்தைக் கூடையில் அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறான். ஒருவன் தூணைக் கட்டிக்கொண்டு கடிக்கிறான், அவன் பக்திமான் வேஷம் போடுகிறவன், நம் உருத்திராட்சப் பூனை. பன்றிக்கு ரோஜாப் பூ போடுகிறான் ஒருவன். கன்றுக்குட்டி விழுந்து செத்த பிறகு கிணற்றை மூடுகிறான் இன்னொருவன். ஒரு பெண் ஒரு கையில் நெருப்பும் மறு கையில் தண்ணீரும் வைத்திருக்கிறாள், அவள் வாயை நம்பாதே என்று அர்த்தம். பாஷை தெரியாதவனுக்கு இது பைத்தியங்களின் ஊர், தெரிந்தவனுக்கு அவன் பாட்டி பேசுகிற பேச்சு.

இதை நான் வகுப்பிலேயே செய்து பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பழமொழிக்கு அர்த்தத்தை வரையாதீர்கள், வார்த்தையை வரையுங்கள் என்றேன். ஒரு பெண் தலைவாழை இலை போட்டு, மலை மாதிரி சோறு குவித்து, உச்சியில் பூசணிக் காம்பு மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி வரைந்தாள். எதிரே ஒரு ஆள் ஒன்றுமே தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான், அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட எடுத்த பையன், சார் எதைப் பிடித்து முடிச்சுப் போடுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். பார்வையிட வந்த ஒரு அதிகாரி, என்ன சார் இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, ஒரு இயற்கைக் காட்சி வரையச் சொல்லக்கூடாதா என்றார். கழற்றிவிட்டோம்.

சர்ரியலிஸ்ட்டுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1924இல் பாரிசில் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கை வெளியிட்டபோது அவர்கள் தேடியது உண்மையிலேயே கனவைத்தான், கனவுகளுக்கு அர்த்தம் தேடிய ஃபிராய்டைப் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். 1936இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில் பழைய ஆட்கள் வரிசையில் போஷையும் சேர்த்துக் காட்டினார்கள். இந்த மாதிரி வேலைகளால்தான் அவர் இவர்களுக்குத் தாத்தா ஆனார். பேரன்கள் பார்த்து வைத்த உறவு அது, தாத்தாவைக் கேட்கவில்லை.

வெளியூர் உதாரணம் வேண்டாம் என்றால் எங்கள் தாராசுரத்துக்கு வாருங்கள். ஐராவதேசுவரர் கோயில் கல்லில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில் அது. அந்தச் சிற்பி என்ன தின்றான் என்று இதுவரை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆக, படக்குறிப்பை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள். புரூகலின் அந்தப் பழமொழி ஓவியத்தை நடு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெரிதாகப் போடுங்கள், பிள்ளைகள் விரலை வைத்துத் தேடட்டும். புருஷன்மேல் நீலப் போர்வையைப் போர்த்தி அவனை ஏமாற்றுகிற பெண் கிட்டத்தட்ட நடுவிலேயே நிற்கிறாள், பத்திரிகை மடிப்பு அவள்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.